இசையாசிரியர் சங்கம்: அமைப்பும் நிர்வாகமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற வட்டார இசையாசிரியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டாரத்தில் தேவாரம், வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் முதலியவற்றைக் கற்பித்து வரும் ஆசிரியர்களை ஒரே மண்டபத்தில் கூட்டி, அவர்களுக்கென ஒரு சங்கம் அமைப்பது குறித்துக் கலந்து பேச வேண்டும் என்று ஆலய நிர்வாகம் எண்ணியது பாராட்டுதற்குரியது. இசையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற காலத்தில் காலைக் கூட்டத்தில் பாடிய தேவாரமே என் இசைக் கல்வியின் எல்லையாகும். ஆயினும் அரசுப் பணியில் கோப்புகளோடும் விதிகளோடும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், ஒரு சங்கம் எவ்வாறு அமைய வேண்டும், எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பது குறித்து எனக்குத் தெரிந்த சிலவற்றை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

சங்கம் எதற்கு?

இசையாசிரியர் பெரும்பாலும் தனித்து நிற்பவர். சிலர் வீட்டு முன்கூடத்தில் கற்பிக்கின்றனர். சிலர் ஆலய மண்டபத்தில் வார இறுதியில் வகுப்பு எடுக்கின்றனர். சிலர் நான்கைந்து ஊர்களுக்கு மாறி மாறிப் பயணம் செய்கின்றனர். ஆசிரியர் நோயுற்றால் வகுப்பும் நின்றுபோகிறது. அவர் ஊர் மாறினால், மூன்றாண்டு பயின்ற பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது. மலேசிய இந்து சங்கம் நடத்தி வரும் திருமுறை ஓதும் விழா வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறுவதை நாம் அறிவோம். அத்தகைய மேடைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதில்கூட ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே பாடுபடுகின்றார்.

ஒருவருக்கு ஒருவர் துணைநிற்கவும், பாடத்திட்டத்தை ஒழுங்குபடுத்தவும், தேர்வு நடத்தவும், முதுமையில் ஆசிரியர் கைவிடப்படாமல் இருக்கவும் ஓர் அமைப்புத் தேவைப்படுகிறது. ஆனால் பத்துப் பேர் கூடி ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் அது சங்கம் ஆகிவிடுவதில்லை. விதியும் கணக்கும் பதிவேடும் இருந்தால்தான் சங்கம் நிலைக்கும். இவை இல்லாத சங்கம், அதனைத் தோற்றுவித்தவரின் உடல்நலம் உள்ளவரை மட்டுமே வாழும்.

பதிவும் சட்டவிதிகளும்

நம் நாட்டில் சங்கங்கள் 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படுகின்றன. இது 335-ஆம் சட்டம் என்று குறிக்கப்படும். ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து அமைக்கும் அமைப்பைச் சங்கம் என்று இச்சட்டம் கொள்கிறது. ஆகவே நாம் தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். நம் ஆலயங்களில் பலவும் இதே சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவையே. எனவே ஆலயச் செயலவையில் பணியாற்றிய அனுபவம் உள்ளோர் இங்கே வழிகாட்ட முடியும்.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது சங்கத்தின் சட்டவிதிகளையும் உடன் சமர்ப்பிக்க வேண்டும். சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கம், யார் உறுப்பினராகலாம், பொறுப்பாளர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவர், பணம் எவ்வாறு கையாளப்படும், விதிகளை எவ்வாறு திருத்தலாம், சங்கம் கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து என்னவாகும் என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். சங்கப் பதிவிலாகா மாதிரி விதிகளை வைத்திருக்கிறது. பலர் அதனை அப்படியே நிரப்பி அனுப்பிவிடுகின்றனர். அது தவறன்று; எனினும் இசையாசிரியர்களுக்கே உரிய சில சிக்கல்களுக்கு அதில் விடை கிடைக்காது. அவற்றை நாமே சிந்தித்து எழுத வேண்டும்.

முதற் சிக்கல் உறுப்பினர் தகுதி. இசையாசிரியர் என்பவர் யார்? கல்லூரிச் சான்றிதழ் பெற்றவரா? குருவிடம் பல்லாண்டு பயின்று, சான்றிதழ் ஏதும் இன்றியே நூறு பிள்ளைகளை உருவாக்கியவரா? ஆலயத்தில் ஊதியமின்றித் தேவாரம் கற்பிக்கும் அம்மையாரா? சான்றிதழை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், இத்தனை காலம் நம் பிள்ளைகளின் நாவில் திருமுறையை வைத்த பலரை வெளியே நிறுத்திவிடுவோம். ஆகவே, குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து கற்பித்து வருவதையும் தகுதியாக ஏற்கும் விதி நமக்கு ஏற்றது. கற்பிக்காமல் ஆதரவு மட்டும் தர விரும்புவோரை வாக்குரிமையற்ற துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குருவும் சீடரும் ஒரே சங்கத்தில்

அடுத்த சிக்கல் நம் மரபிலிருந்தே எழுவது. இங்கே அமர்ந்திருப்போரில் சிலர் குருவும் சீடருமாக இருக்கின்றீர்கள். நேற்றுவரை காலில் விழுந்து வணங்கிய குருவின் கருத்துக்கு எதிராக, இன்று பொதுக்கூட்டத்தில் சீடர் கை உயர்த்துவாரா? உயர்த்தமாட்டார். அது அவருடைய பண்பு. ஆனால் பத்துச் சீடர்களைக் கொண்ட ஒரு குருவுக்குப் பதினொரு வாக்குகள் இருக்கின்றன என்ற நிலை ஏற்பட்டால், மற்ற பாணியைச் சேர்ந்தோர் மெல்ல விலகிவிடுவர்.

இதற்குத் தீர்வு மறைவான வாக்கெடுப்பு. பொறுப்பாளர் தேர்தல் யாவும் வாக்குச்சீட்டின் மூலமே நடைபெறும் என்று விதியில் எழுதிவிட வேண்டும். சீட்டு மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் விழும்போது குருபக்திக்கும் குறைவு நேராது. மனச்சான்றுக்கும் குறைவு நேராது. மூத்தோரைப் பெருமைப்படுத்த விரும்பினால், ஆலோசகர், போஷகர் என்ற மதிப்புப் பதவிகள் இருக்கின்றன. அவற்றில் அவர்களை அமர்த்தி அவர்தம் அறிவுரையைக் கேட்போம். ஆனால் காசோலையில் கையொப்பமிடும் பொறுப்பு, தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமே இருக்க வேண்டும்.

செயலவையிலும் ஒரு சமநிலை வேண்டும். வாய்ப்பாட்டு ஆசிரியர்களே எண்ணிக்கையில் மிகுந்திருப்பர். தாளவாத்தியக்காரர் இருவரோ மூவரோதான் இருப்பர். வாய்ப்பாட்டு, தந்தி வாத்தியம், தாள வாத்தியம், திருமுறை என்ற ஒவ்வொரு பிரிவுக்கும் செயலவையில் ஓர் இடமாவது உண்டு என்று விதி செய்தால், சிறுபான்மையினரின் குரலும் ஒலிக்கும்.

கூட்டமும் கணக்கும்

சங்கத்தின் உயர்ந்த அதிகாரம் தலைவரிடம் இல்லை, பொதுக்கூட்டத்திடமே இருக்கிறது. அந்தக் கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும்? நம் நாட்டு மாதிரி விதிகளில், வாக்குரிமையுள்ள உறுப்பினரில் பாதிப் பேர் அல்லது செயலவையினரின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு, இவற்றுள் எது குறைவோ அது என்று கூறப்பட்டிருக்கிறது. ஒன்பது பேர் கொண்ட செயலவையும் 40 உறுப்பினரும் உள்ள சங்கத்தை எண்ணிப் பாருங்கள். பாதி என்பது 20. இருமடங்கு என்பது 18. ஆகவே 18 பேர் வந்தால் கூட்டம் நடக்கும். அதே சங்கம் 100 உறுப்பினராக வளர்ந்தாலும் 18 பேரே போதும்! செயலவையினர் ஒன்பது பேரும் வந்துவிட்டால், மேலும் ஒன்பது பேர் வந்தாலே நூறு பேரின் பெயரால் முடிவெடுக்கலாம். கூட்டத்திற்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டு, சிலர் மட்டுமே சங்கத்தை ஆளுகின்றனர் என்று குறைகூறுவதில் பொருளில்லை. வராதவர் தம் உரிமையை வந்தவரிடம் ஒப்படைத்தவரே ஆவார்.

இனி, கணக்கு. சங்கங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் பெருந்தொகையால் வருவதில்லை. இருநூறு வெள்ளிக்கு ரசீது இல்லாமற் போவதால் வருகிறது. இசைவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை, பக்கவாத்தியக்காரருக்குச் சன்மானம், பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி என்று செலவுகள் அவசரத்தில் நிகழும். நேர்மையான பொருளாளரே தம் சட்டைப்பையிலிருந்து கொடுத்துவிட்டுப் பின்னர் நினைவிலிருந்து எழுதுவார். ஈராண்டு கழித்து அந்த நேர்மைக்குச் சான்று காட்ட அவரிடம் ஒன்றும் இராது. ரசீது என்பது பொருளாளர்மேல் உள்ள ஐயத்தைக் காட்டுவதாக எண்ணக்கூடாது. அது அவருக்குக் கவசம்.

சங்கப் பணம் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எவருடைய சொந்தக் கணக்கிலும் ஒருநாள்கூடத் தங்கக்கூடாது. ஒருவர் கையொப்பத்தில் பணம் வெளியே வரக்கூடாது. செயலவையில் இடம்பெறாத இருவரைக் கணக்காய்வாளராகப் பொதுக்கூட்டமே நியமிக்க வேண்டும். அண்டை நாடான சிங்கப்பூரின் மாதிரிச் சங்க விதிகளில் சிந்திக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. மற்றப் பொறுப்பாளர்கள் அடுத்த தவணைக்கும் அதே பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம். பொருளாளர் மட்டும் தொடர்ந்தாற்போல் அப்பதவியில் நீடிக்க முடியாது. கணக்கேடு கைமாறும்போது அது இன்னொருவர் கண்ணால் படிக்கப்படுகிறது. நாமும் அவ்வாறே எழுதிக்கொள்ளலாம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள், பொறுப்பாளர் பட்டியலும் கணக்கறிக்கையும் அடங்கிய ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவிற்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு விதிக்கிறது. இப்பொழுது இதனை இணையம் வழியாகவே செய்துவிடலாம். இந்த எளிய கடமையைத் தவறவிட்டே நல்ல பணி புரியும் சங்கங்கள் பதிவை இழக்கும் நிலைக்கு ஆளாகின்றன. பதிவு போய்விட்டால் வங்கிக் கணக்கிற்கும் சிக்கல். மானியம் கேட்கவும் வழியில்லை. சங்கம் வழங்கிய தேர்வுச் சான்றிதழின் மதிப்பும் கேள்விக்குரியதாகும். பாடுபட்டுத் தேர்வெழுதிய பிள்ளையின் சான்றிதழ், செயலாளர் அனுப்ப மறந்த ஒரு படிவத்தைச் சார்ந்திருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

எழுதக்கூடாத விதி

அன்பர்களே, இன்று நான் வலியுறுத்திச் சொல்ல வந்தது இனிமேல் கூறப்போவதே. இசையாசிரியர்கள் சங்கம் அமைத்தவுடன், முதலில் எழுதத் தோன்றும் விதிகள் இரண்டு. ஒருவரின் மாணவரை மற்றவர் இழுக்கக்கூடாது என்பது ஒன்று. குறிப்பிட்ட கட்டணத்திற்குக் குறைவாக எவரும் வாங்கக்கூடாது என்பது மற்றொன்று. இவற்றின் பின்னுள்ள வேதனை எனக்குப் புரிகிறது. ஐந்தாண்டு அடித்தளம் இட்ட பிள்ளையை அரங்கேற்றத்திற்கு ஆறுமாதம் முன்பு இன்னொருவரிடம் அழைத்துச் சென்றால், எந்த ஆசிரியர் மனமும் நோகும். ஆயினும் இவ்விரு விதிகளையும் நாம் எழுதக்கூடாது.

அமெரிக்காவில் இசையாசிரியர்களின் தேசியச் சங்கம் 1876-ஆம் ஆண்டு, ஒஹாயோ மாநிலத்தின் டெலவேர் என்னும் ஊரில், தியோடர் பிரெஸ்ஸர் என்பாரின் முயற்சியால் தோன்றியது. ஊர்ச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியச் சங்கம் என்று அடுக்கடுக்காக அமைந்த அச்சங்கம் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டு வளர்ந்தது. அதன் நன்னெறிக் கோவையில், பிற ஆசிரியரிடம் பயிலும் மாணவரை முயன்று தம்பால் சேர்க்கக்கூடாது என்றொரு விதி இருந்தது. அதனோடு இணைந்த சில சங்கங்கள், ஊர் வழக்கிலுள்ள கட்டணத்தைவிடக் குறைத்து வாங்குவதையும், இலவசமாகக் கற்பிப்பதையும்கூடத் தடுத்திருந்தன. 2013-ஆம் ஆண்டு அந்நாட்டின் கூட்டரசு வாணிப ஆணையம், இவை போட்டியைத் தடுப்பவை என்று குற்றஞ்சாட்டியது. சங்கம் உடன்பட்டதன் பேரில் 2014-இல் இறுதி ஆணை பிறந்தது; அத்தகைய விதிகள் கைவிடப்பட்டன.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அவ்வாண்டே கேமரன் மலைப் பூ உற்பத்தியாளர் சங்கத்தினர் பூக்களின் விலையை 10 விழுக்காடு உயர்த்துவதென்று ஒன்றுகூடி முடிவு செய்தபோது, அது சட்டமீறல் என்று மலேசியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. ஆலயத்திற்குப் பூ வாங்கும் நமக்கு அவ்விலையேற்றத்தின் கனம் தெரியும். பூவுக்கு உரிய நியாயமே பாட்டுக்கும் உரியது. தனித்தனியே வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் கூடிக் கட்டணத்தைக் கட்டிவைப்பது, நம்மையும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

சட்டத்தை விடுங்கள்; அறத்தை எண்ணுவோம். இசை வகுப்பு பிள்ளைக்காக இருக்கிறது. வேறு ஆசிரியரிடம் செல்வது நலம் என்று பெற்றோர் கருதினால், அவ்வுரிமை அவர்களுடையது. வறிய வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் வாங்காமல் கற்பிக்க விழையும் ஆசிரியரைத் தடுக்கும் சங்கம், ஆலய வாசலில் கூடத் தகுதியற்றது. சங்கம் ஆசிரியரின் நடத்தையை ஒழுங்குபடுத்தலாம். மாணவரின் கால்களைக் கட்டலாகாது.

எழுத வேண்டிய விதிகள்

அவ்வாறாயின் ஆசிரியரின் நலனைக் காப்பது எப்படி? அதற்கு வேறு வழிகள் உண்டு. முதலாவது, சங்கம் நடத்தும் தேர்விலோ போட்டியிலோ தம் மாணவருக்குத் தாமே மதிப்பெண் இடக்கூடாது என்ற விதி. இந்த ஒன்று உறுதியாகப் பின்பற்றப்பட்டால், பாதிப் பூசல்கள் எழாமலே போகும்.

இரண்டாவது, மாற்று ஆசிரியர் ஏற்பாடு. ஓர் ஆசிரியர் நோயுற்றாலோ மகப்பேற்றுக்காக ஓய்வெடுத்தாலோ, மற்றொருவர் சில வாரங்கள் வகுப்பை நடத்தித் தரும் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கலாம். மாணவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் காய்ச்சலோடு வகுப்பெடுப்போர் நம்மிடையே இருக்கின்றனர்.

மூன்றாவது, முதுமைக்கான சேமிப்பு. இசையாசிரியரில் பெரும்பாலோர்க்கு முதலாளி இல்லை. ஆகவே சேமநிதியும் இல்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் சொந்தத் தொழில் செய்வோர் தாமாகவே பணம் செலுத்தலாம். நிபந்தனைகளுக்கு உட்பட்டு அரசாங்கமும் ஊக்கத்தொகை சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிப் பின்னர் வேறு பல துறையினருக்கும் விரிவாக்கப்பட்டது. தனியொருவர் படிவத்தைக் கண்டு தயங்குவார். சங்கம் ஒரு சனிக்கிழமை அதிகாரிகளை அழைத்து விளக்கம் தரச் செய்தால், இருபது பேர் ஒரே நாளில் சேர்ந்துவிடுவர்.

நான்காவதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். இசை ஒருவருக்கு ஒருவர் அமர்ந்து கற்கும் கலை. மூடிய அறையில் ஆசிரியரும் பிள்ளையும் தனித்திருக்கும் நிலை நேர்கிறது. கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எவ்வேளையும் உள்ளே வரலாம் என்பன சங்கத்தின் எழுதப்பட்ட விதிகளாக இருக்கட்டும். அது பிள்ளைக்கும் காவல். நல்ல ஆசிரியருக்கும் காவல். முறைகேடு பற்றிய செய்தி வந்தால், சங்கத்திற்குள்ளேயே பேசி முடித்துவிடுவோம் என்பதற்கு இடமே இல்லை. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் தொடர்பான 2017-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் தராமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. சங்கத்தின் நற்பெயரைவிட ஒரு பிள்ளையின் வாழ்வு பெரிது.

ஆலயமும் சங்கமும்

இறுதியாக, ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம். மண்டபத்தைத் தருகிறீர்கள், மின்சாரத்தைத் தருகிறீர்கள், விழா நாளில் மேடையும் தருகிறீர்கள். இவ்வுதவியை ஒரு கடிதத்தில் எழுதித் தாருங்கள். எந்த நாட்களில், எத்தனை மணிவரை, எந்த நிபந்தனையில் என்பது எழுத்தில் இருந்தால், நாளை ஆலயச் செயலவை மாறினாலும் வகுப்பு நிற்காது. ஆலயக் கணக்கும் சங்கக் கணக்கும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. உபயகாரர் அன்னதானத்திற்குத் தந்த பணம் இசைவிழாவுக்குச் செல்வதும், மாணவர் தேர்வுக் கட்டணம் திருப்பணிக்குச் செல்வதும், நோக்கம் நல்லதாயினும், கணக்கில் குழப்பமே.

சங்கத்தில் கருத்து வேறுபாடு வருவது இயல்பு. ஆனால் யார் முறையான பொறுப்பாளர் என்றே தெரியாத அளவிற்குப் பூசல் முற்றினால், பதிவதிகாரி தலையிட்டு விளக்கம் கேட்கவும், தீராவிடில் பதிவையே ரத்துச் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. அந்நிலைக்குச் செல்லாமல் காப்பவை மூன்று: முறையாக எழுதப்பட்ட கூட்டக் குறிப்பு, புதுப்பிக்கப்பட்ட உறுப்பினர் பட்டியல், பதவி விலகுவோர் எல்லா ஏடுகளையும் கையொப்பத்துடன் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கம். தோற்றவர் ஏடுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், வென்றவர் வெற்று அலமாரியைத் திறப்பதும் நம் சமுதாயத்தில் இனி நிகழக்கூடாது.

இசையாசிரியர்களுக்கு நான் தாளத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. எத்துணை மனோதர்மம் இருந்தாலும் எடுத்த இடத்திற்கு வந்து சேர்ந்தால்தான் பல்லவி நிறைவு பெறும். விதியும் அத்தகையதே. அது உங்கள் கற்பனையைக் கட்டுவதற்காக அமைந்ததன்று. நீங்கள் அனைவரும் ஒரே இடத்தில் வந்து கூடுவதற்காக அமைந்தது.

இன்று இம்மண்டபத்தில் ஏழு பேருக்கு மேலாகவே கூடியிருக்கிறோம். திருவிழா நிறைவுறுவதற்குள் ஓர் அமைப்புக்குழுவைத் தேர்ந்தெடுத்து, சட்டவிதிகளின் முதல் வரைவை எழுதத் தொடங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பணியில் படிவம் நிரப்பவும், கடிதம் எழுதவும் என்னால் இயன்ற துணையைச் செய்யக் காத்திருக்கிறேன். எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருளால் நம் பிள்ளைகளின் குரலில் இசை தழைக்கட்டும். அதனைக் கற்பிப்போரின் வாழ்வும் தழைக்கட்டும்.